பசு கட்டிய வீட்டில் டின் பால்

தொழுவத்தில் இரண்டு பசு நிற்கிற வீட்டில் எனக்கு டின் பாலில் காபி கொடுத்தார்கள். ஒரு தடவை என்றால் பால் திரிந்துபோயிருக்கும் என்று விட்டுவிடலாம். போகிறபோதெல்லாம் அதே காபி. டிக்காஷனில் வெந்நீரை ஊற்றி, டின்னிலிருந்து ஒரு கரண்டி வழித்துப் போட்டுக் கலக்கி, என் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே நீட்டுவார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

ஆரணிப் பக்கத்தில் இருக்கும் என் சொந்தங்களுக்கும், என்னைப் போலப் பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்காரருக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்து நாங்கள் குடிவந்தோம். எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். தெலுங்கு போர்டு படிக்கத் தெரியாது, அதனால் பஸ் ஏறும்முன் இரண்டு பேரிடம் கேட்பேன். ஒருவர் பொய் சொன்னால்? இப்படிப்பட்டவளின் பெண் சுமதி, வேலை பார்த்த இடத்தில் பழகிய தெலுங்குப் பையனைக் கட்டிக்கொண்டு, பாகாலாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்விட்டாள். அவளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். நாள் எண்ணிக்கொண்டிருப்பவள் நான்.

நான் சின்னவளாக இருந்தபோது ஆரணி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் டின் பாலைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ஆணியை வைத்துத் தட்டி மேலே இரண்டு ஓட்டை போடுவார். ஒன்று பால் ஒழுக, ஒன்று காற்றுப் போக. எனக்கு நக்கிப் பார்க்க ஆசை. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். "கெட்டுப்போவாத பாலு இன்னா பாலுடி?" என்பாள். தாய்ப்பால் இல்லாத வீடுகளில் இதைத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்து, பிள்ளை தேறாமல் போன கதையெல்லாம் சொல்லுவாள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

லாட்ஜில் கணக்குப் பார்க்கிற பெண் போனில் தேடி இதன் கதையை எனக்குப் படித்துக் காட்டினாள். அந்தக் காலத்தில் கப்பலில் போகிறவர்களுக்குப் பால் புளித்துப்போகுமாம். யாரோ ஒருவர் பாலின் தண்ணீரைச் சுண்டவைத்து, சர்க்கரையைக் கொட்டி, டின்னில் அடைத்துப் பார்த்திருக்கிறார். ஊறுகாயை உப்பு காப்பாற்றுகிற மாதிரி, பாலைச் சர்க்கரை காப்பாற்றியது. அப்புறம் சண்டை நடந்த இடத்துக்கெல்லாம் பட்டாளத்தோடு இதுவும் போனதாம். கேட்டதும் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போயிற்று. பசு இல்லாத இடத்துக்கென்று செய்த பாலுக்கு, பசு இருக்கிற வீட்டில் என்ன வேலை?

அதுவும் காபியோடு நின்றால் பரவாயில்லை. சேமியாவைத் தண்ணீரில் வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகுதான் டின்னைத் திறந்து கலப்பார் சம்பந்தியம்மா. தேங்காய்த் துருவலில் டின் பாலையும் ஏலக்காயையும் போட்டுப் பிசைந்து, அடுப்பே இல்லாமல் லட்டு பிடிப்பார். கேரட் அல்வாவுக்கும் அப்படித்தான், இறக்கிய பின்தான் பால். ருசியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் சூட்டில் காட்டினால் ஏதோ வாடை வெளியே வந்துவிடும் என்றுதான் இப்படிச் செய்கிறாரோ என்று நினைத்தேன்.

காலையில் கறந்த பாலைக் கேனோடு மாப்பிள்ளை பைக்கில் கொண்டுபோவதையும் பார்த்தேன். நல்ல பாலை விற்றுவிட்டு என் பெண்ணுக்கு டின்னைக் காட்டுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஒருமுறை நேராகவே கேட்டேன்: "ஏன் வதினா, வீட்ல பாலு இல்லியா?" சம்பந்திகளான பெண்கள் இங்கே ஒருவரையொருவர் வதினா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"உந்தி வதினா, உந்தி. தேவுடு உன்னாடு," என்று மேலே கையைக் காட்டினார். பால் இருக்கிறது, சாமி இருக்கிறார். இது ஒரு பதிலா? சுமதியைப் போனில் கேட்டால், "குடிச்சிக்கினுதான் இருக்கேம்மா, நீ சும்மா இரு," என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

போன வாரம் பாகாலாவில் இறங்கியதும் இரண்டு பாக்கெட் பால் வாங்கினேன். வீட்டில் சுமதி தூங்கிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். நேராகச் சமையலறைக்குப் போய், கிண்ணத்தில் பாலை ஊற்றி ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். என் பெண்ணுக்கு நான் காய்ச்சித் தருகிறேன், யார் கேட்பது?

ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியபோது, சாணிக்கையோடு ஓடிவந்து ஸ்டவ்வை அணைத்தார் சம்பந்தியம்மா. "பொங்கிந்தா? வதினா, பொங்கிந்தா?" குனிந்து கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பொங்கல வதினா. இன்னா ஆச்சு?"

சத்தம் கேட்டு எழுந்து வந்த சுமதிதான் சொன்னாள். "மொக்கும்மா. வேண்டுதல். போன தடவ ஆன மாதிரி ஆவக்கூடாதுன்னு அத்தம்மா வேண்டிக்கினாங்க. கொழந்த பொறக்கிற வரிக்கும் மாட்டுப் பாலு பூரா கோயில் அபிஷேகத்துக்கு. இந்த வீட்டு அடுப்புல பாலு காயக் கூடாது. எனக்குப் பக்கத்து வூட்லதான் காய்ச்சித் தராங்க. உங்கிட்ட சொன்னா ராத்திரி பூரா தூங்க மாட்டியேன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

ஆனாலும் மனசு கேட்கவில்லை. "அப்ப டின் பாலு மட்டும் ஆவுமா? அதுவும் காய்ச்சினதுதானே?"

"அதி ஃபாக்டரிலோ காகிந்தி வதினா," என்றார் சம்பந்தியம்மா. "மா பொய்யி மீத காது கதா!" தொழிற்சாலையில் காய்ந்தது, எங்கள் அடுப்பில் இல்லையே. இதைச் சாமி ஒத்துக்கொள்வாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். பொங்காவிட்டாலும் நுரை வந்ததே, அது கணக்கில் சேருமா? பிள்ளை பிறக்கும்வரை எனக்கு இதே யோசனைதான்.

சூடான பாலைக் கொட்டவும் மனமில்லை, அந்த வீட்டில் வைக்கவும் முடியாது. "பக்கிண்டிக்கி இச்சேசி ரா," என்று பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் சம்பந்தியம்மா. கிண்ணத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, முன்பின் பார்க்காத என்னைப் பார்த்து, "எவரம்மா நுவ்வு?" என்றார். யாரம்மா நீ? ஆரணி என்று சொல்வதா, திருப்பதி என்று சொல்வதா? இரண்டு கையிலும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. "பக்கிண்ட்டோள்ளம்," என்று வாயில் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள்.

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.