பத்தொன்பது தத்திகளோடு கொட்டாஞ்சேனைக்கு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒழுங்காய் வராது. சொல்லிக்கொண்டு போகையில் பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறக்குறைய ஆறு மைல்தான். அன்று அது முடியாத தூரமாய் இருந்தது.

என் மகன் ரூபன், நெற்பயிரில் சாறு குடிக்கும் தத்திப் பூச்சிகளை ஆராய்கிறவன். ஒவ்வொன்றும் ஓர் அரிசிமணி அளவு. மூன்று கிழமைக்கு முன் வீட்டைச் சோதித்த பொலிஸ்காரர் அவனையும், அவன் வரைந்த பத்தொன்பது படங்களையும் கொண்டுபோனார்கள். படங்களில் கொக்கியும் வளைவும் இலக்கங்களும் இருந்தன. ஆயுதத்தின் பாகங்களாம்.

புதுக்கடைக் கோட்டுச் சட்டத்தரணி படங்களின் பிரதியை என்னிடம் தந்தார். "இது பூச்சிதான் எண்டு விஷயம் தெரிஞ்ச ஒராள் எழுதித் தரவேணும், அம்மா" என்றார்.

காலை ஆறு மணி. கட்டிலுக்கடியில் அவர்கள் கண்ணில் படாத பூச்சிப்பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு ஊசியிலும் மேலே பூச்சி, நடுவில் பெயர்த்துண்டு, அடியில் நெல்லளவு குழாய். குழாய்க்குள் பசைபோல நீர், அதில் ஒரு கறுப்புத் தூசி. வழியில் வெடிமருந்து என்று பிடித்தால் என்ன சொல்வேன்? குழாய்களைக் கழற்றி, தண்டவாளம் தாண்டிப் போய்க் கடலில் எறிந்தேன்.

ஏழரைக்கு பஸ். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். பெட்டியைத் திறந்த ஆமிக்காரப் பொடியன், "மே மொகத, அம்மே?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

"சத்து, மஹத்தயா." பூச்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

அவன் பெயர்த்துண்டுகளைப் பார்த்து, இவைக்கும் ஐடென்டி கார்ட் இருக்குது என்று தன் கூட்டாளிக்குச் சிங்களத்தில் சொல்லிச் சிரித்தான். பிறகு மூலையிலிருந்த ஊசியில் விரலை வைத்தான். பெரிய பெயர்த்துண்டுக்குக் கீழே ஒரு குழாய்! நான் காணாமல் விட்டது. அவன் அதை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடித் தந்தான். அவ்வளவுதான்.

ஒன்பதரைக்குக் கொட்டாஞ்சேனை. கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் பிலிப்பு மாஸ்டர் வீடு. முன்பு விலங்கியல் படிப்பித்தவர். பெட்டியையும் படங்களையும் வாங்கி, கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பூதக்கண்ணாடியில் குனிந்தார்.

"பின்னங்கால் நுனியிலை ஆடுற முள்ளு இருக்கு. தத்திதான். ஆனா முள்ளை வைச்சுக் குடும்பத்தைத்தான் சொல்லலாம், அக்கா. எந்தச் சாதி எண்டு சொல்ல ஆணின்ரை வால் நுனி வேணும். அதை வெட்டிக் குழாயிலை போட்டிருப்பான். குழாய்கள் எங்கை?"

"என்ன இருக்குது அதிலை?" என்றேன்.

"ஆணின்ரை உறுப்பு. வெட்கப்பட ஒண்டுமில்லை. படத்திலை இருக்கிற கொக்கியெல்லாம் அதுதான்."

எறிந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

மிஞ்சிய ஒன்றைப் படத்தோடு வைத்துப் பார்த்தார். கொக்கி, வளைவு, பக்கத்துப் பல் இரண்டு, எல்லாம் அச்சாகப் பொருந்தின. அதற்கு மட்டும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"மற்றதுகளும், மாஸ்டர்?"

"அதுகளும் இதேதான் எண்டு எனக்குத் தெரியும். பாக்காததைப் பாத்தன் எண்டு எழுதினால் கோட்டிலை இந்த ஒண்டையும் கிழிச்சுப்போடுவாங்கள், அக்கா."

இரண்டு மணிக்கு வெள்ளவத்தையில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்கே போனேன். கல்லிடுக்கெல்லாம் கைவிட்டுப் பார்த்தேன். நெல்லளவு குழாய்; கடல் எங்கே தரும்? காலையில் அந்தப் பொடியன் பத்தொன்பதையும் அப்படியே விட்டிருப்பான். ரூபனுக்கு நான் இதை இன்னும் சொல்லவில்லை.

முள், வால், சாதி என்று நான் எழுதியது சரியா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். படப் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. வயல் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இந்தப் பூச்சிகளைப் பிடித்துப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரிய புண்ணியம். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்: பிடிக்கும்போது ஆணாய்ப் பார்த்துப் பிடியுங்கள்.