குஞ்சம் கட்டிய கையும் கொடுவா மீனும்

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, அமீரகத்தில் அல் ஐனுக்கு வெளியே ஒரு பேரீச்சந்தோட்டத்தில் நடந்தது இது. அப்போது நான் அல் ஐனில் அரபிகள் போடும் கந்தூரா என்ற நீள வெள்ளை அங்கி தைக்கும் கடையில் இருந்தேன். தையல்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். என் வேலை பினிஷிங். நூல் பிசிறை வெட்டுவது, பட்டன் தைப்பது, அயர்ன் போடுவது, கந்தூராவின் கழுத்திலிருந்து தொங்கும் குஞ்சத்தைக் கையால் கட்டுவது. மூன்று வருடமாக இதேதான். ஊரில், பெரம்பலூர்ப் பக்கம், எல்லாரிடமும் டெய்லர் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

கடையில் நாலு மிஷின். அதில் ஒன்றில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தான்காரர் விசாவை கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட, அது இரண்டு வாரமாகச் சும்மா கிடந்தது. எனக்குத் தைக்கத் தெரியும், அந்த மிஷினைக் கொடுங்கள் என்று முதலாளி பின்னாலேயே அலைந்தேன். அவர் கீழக்கரைக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் எது கேட்டாலும் "பாப்போம் தம்பி" தான்.

அந்தச் சமயத்தில்தான் கடையின் பழைய வாடிக்கையாளரான ஒரு அரபிப் பெரியவர், கையில் ஒரு டப்பாவோடு வந்தார். அவரை நாங்கள் பாபா என்று கூப்பிடுவோம். டப்பாவுக்குள் தூண்டில் முள்கள், கொஞ்சம் கோழி இறகு, ஒரு பொட்டலம் மான் முடி. கூடவே நைந்துபோன ஒரு பொய் இரை. முள்ளின் மேல் மான் முடியைச் சுற்றிக் கட்டி, பின்னால் இறகை வால் மாதிரி விட்டு, பார்க்கச் சின்ன மீன் போலச் செய்திருந்தார்கள். ஸ்ட்ரீமர் என்று பெயராம். வாலிபத்தில் அமெரிக்காவில் படித்தபோது பாஸ் மீன் பிடிக்க இதைக் கட்டக் கற்றுக்கொண்டாராம். இப்போது விரல் நடுங்குகிறது, முடியவில்லை. தோட்டத்துக் குளத்தில் கொடுவா வளர்க்கிறார். அதில் பெரிதாக ஒன்று இருக்கிறது, எந்தத் தூண்டிலுக்கும் சிக்காமல் தண்ணி காட்டுகிறது. வெள்ளிக்கிழமை அவருடைய மச்சான் வருகிறார், அவர் முன்னால் இதை வைத்தே அதைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

"ரஃபீக், குஞ்சம் கட்டுற ஆளு நீதானே. இதையும் கட்டு" என்றார் இந்தியில். ரஃபீக் என்றால் அரபியில் தோழன், எங்களை எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் வாழ்க்கையில் மீனைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். "மாஃபி முஷ்கில் பாபா", பிரச்சினையே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் முதலாளி என்னை முறைத்தார். "தம்பி, அவரு குடும்பத்துப் பெருநாள் உடுப்பு முழுக்க நம்ம கடையிலதான். ஏலாட்டி இப்பவே சொல்லிரு."

"முடியும் பாய்."

"நல்லா செஞ்சு குடுத்தா அந்த மிஷின் உனக்கு. அவரு முகம் கோணிச்சுன்னா, அயர்ன் பொட்டிய விட்டு வேற பேச்சே பேசக் கூடாது. சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல.

மதியம் கடை அடைத்திருக்கும் நேரத்தில் காலி மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தை இறக்கி, முள்ளின் வளைவை அதில் மாட்டிக்கொண்டேன். நல்ல பிடி. மான் முடியை ஒரு சிட்டிகை எடுத்து வைத்து, நூலை இரண்டு சுற்று தளர்வாகச் சுற்றி இழுத்தால், முடி குபுக்கென்று நாலு பக்கமும் விரிந்து நிற்கிறது. அந்த முடி உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருப்பதால்தான் அப்படி விரிகிறதாம், பிறகுதான் தெரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பட்டன் நூலால் அடுத்தடுத்துக் கட்டி, நகத்தால் நெருக்கித் தள்ளி, கத்தரியால் சுற்றி வெட்டினேன். ஒரு பிசிறு இல்லை. இரண்டு கட்டி முடித்தபோது, பாபாவின் பழையது இவற்றுக்குப் பக்கத்தில் பிச்சைக்காரன் மாதிரி இருந்தது. முதலாளிகூட கையில் வாங்கிப் பார்த்து "மாஷா அல்லா" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பாபாவே பிக்கப்பில் வந்து, மிச்சச் சாமானையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி என்னைக் கூட்டிப் போனார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் பெரிய குளம், பாதி உப்புத் தண்ணீர். மச்சான் அதற்குள் மத்தித் துண்டு மாட்டி இரண்டு சின்னக் கொடுவாவைப் பிடித்து வைத்திருந்தார்.

பாபா என்னுடையதை மாட்டி வீசினார். கை நடுங்கினாலும் வீச்சு அழகாக இருந்தது. ஆனால் நான் கட்டியது தக்கை மாதிரி மேலேயே மிதந்தது. இழுத்தால் ஷேவிங் பிரஷ் ஒன்று நீந்தி வருவது போல வந்தது. முக்கால் மணி நேரம் வீசினார். இரண்டாவதையும் மாட்டிப் பார்த்தார். ஒரு மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மச்சான் சிரித்தார். "குஞ்சத்தை கந்தூராவுல மாட்டச் சொல்லு. மீன் என்ன, கல்யாணத்துக்கா போகுது?"

பாபா சிரிக்கவில்லை. "கல்லி வல்லி ரஃபீக், பரவாயில்லை, விடு" என்று தூண்டில் கம்பின் நூலைச் சுருட்ட ஆரம்பித்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. மிஷின் போச்சு என்று நினைத்தேன். அதைவிட, அந்த மனிதர் என்னைத் திட்டாமல் பரவாயில்லை என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

பாபா தன் தொப்பியில் குத்தி வைத்திருந்த அந்தப் பழைய இரையைக் கேட்டு வாங்கினேன். முள் முனை மழுங்கிப் போயிருந்ததால் அதை மாட்டி மீன் பிடிக்க முடியாது. கரையில் குத்தவைத்து, தண்ணீருக்குள் கையாலேயே இழுத்துப் பார்த்தேன். அது உள்ளே போனது. வெட்டாமல் விட்டிருந்த நீள முடிகள் இழுக்கும்போது படிந்தன, நிறுத்தினால் விரிந்தன. உயிருள்ளது செவுளை அசைப்பது போலவே இருந்தது. பக்கத்திலேயே என்னுடையதை இழுத்தேன். அசைய அதில் முடியே இல்லை. நெருக்கிக் கட்டியதில் தண்ணீர் புகவும் வழியில்லை. பிசிறு என்று நான் வெட்டி எறிந்ததுதான் மீனே என்று அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடப் பழக்க தோஷம்.

"பாபா, தப்பு என்னோடது. பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

"யல்லா, சீக்கிரம்" என்றார் மச்சான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

இங்கே மிஷின் பாதத்துக்கு எங்கே போவது? பாபா குறடால் முள்ளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஆட, முள்ளும் ஆடியது. என் இடது கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டு வலது கையால் சுற்றினேன். நூல் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். இந்தத் தடவை முடி கொஞ்சம்தான் வைத்தேன். தலையை மட்டும் சின்னதாக வெட்டினேன். பின்பக்க முடியைக் கோணல்மாணலாக அப்படியே விட்டேன். வெட்டு வெட்டு என்று விரல் அரித்தது, கத்தரியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். கடைசியாக அதைத் தண்ணீருக்குள் பிடித்துப் பிழிந்தேன். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது.

முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது வீச்சில் பாபா இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கும்போது தண்ணீர் வெடித்தது. கம்பு வில்லாக வளைந்தது. பாபா கத்தினார், நான் கத்தினேன், இதுவரை சிரித்துக்கொண்டிருந்த மச்சான் கந்தூராவைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வலையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டார். அந்த மீன் ஒருமுறை முழு உடம்போடு மேலே எகிறியது. என் நூல் அறுந்துவிடுமோ, கட்டு அவிழ்ந்துவிடுமோ என்று குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். அறவில்லை. அவிழவில்லை. கரையில் போட்டபோது அது என் கை நீளத்துக்கு இருந்தது, வாயோரத்தில் நான் கட்டிய முடி.

பாபா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மச்சான் சொட்டச் சொட்ட வந்து, "எனக்கும் ஆறு கட்டிக் குடு" என்றார். "இதே மாதிரி, அசிங்கமா" என்று சேர்த்துக்கொண்டார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

பாபா வண்டியிலிருந்தே முதலாளிக்கு போன் போட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் காலை நான் பழக்கத்தில் அயர்ன் பெட்டியைக் கையில் எடுக்க, முதலாளி வந்து அதை வாங்கிக்கொண்டார். "போ தம்பி, போயி மிஷின்ல உக்காரு" என்றார், அவ்வளவுதான். முதல் கந்தூரா பாபாவுக்குத் தைத்தேன். இப்போது எல்லாருடைய தையலையும் பார்த்துச் சரி சொல்லும் மாஸ்டராக இருக்கிறேன். ஆனால் நினைக்க நினைக்க இனிப்பது மிஷின் கிடைத்தது இல்லை, மீன் கிடைத்ததுகூட இல்லை. இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தோற்றுப்போன அதே இடத்தில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து கட்டினேனே, அந்தப் பத்து நிமிடம்தான் என்னை மனிதனாக்கியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.