அண்ணாவும் நானும் பூட்டிய விமானம்

வாழைப்பழ வாசனை... ஆனால் வீட்டில் ஒரு சீப்புப் பழம்கூடக் கிடையாது.

விமான இறக்கைத் துணி மேல் பூசுகிற டோப் என்ற பசையின் வாசனை அது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அண்ணா பூசிக்கொண்டிருப்பான். என்ன பழம் பழுக்கப் போட்டிருக்கிறீர்கள் என்று பக்கத்து வீட்டு மாமி அம்மாவிடம் கேட்டாள்.

நாற்பதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. சேஷு அண்ணா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அங்கிருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் யுத்தத்துக்கு முன்பே சீமையிலிருந்து வரவழைத்து, பிரிக்காமலே வைத்திருந்த பெட்டிகளை, ஊருக்குக் கிளம்பும்போது அண்ணாவிடம் கொடுத்துவிட்டார். உள்ளே, பாகம் பாகமாக நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சின்ன விமானம். ஒரே ஆள்தான் உட்காரலாம்.

இங்கிலீஷ் குறிப்பை நான் படிப்பேன், அண்ணா பூட்டுவான். இறக்கைக்குத் துணி தைத்தது முழுக்க நான்தான். டோப் காய்ந்ததும் துணி மிருதங்கம் மாதிரி விறைத்துக்கொள்ளும். போகும்போதும் வரும்போதும் தட்டிப் பார்ப்பேன்.

பதினான்கு மாதம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கைகளைக் கழற்றி, இரண்டு மாட்டு வண்டிகளில் ஏற்றி, அரியமங்கலம் தாண்டி ஒரு கட்டாந்தரைக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தாள்.

மறுபடி பூட்டி முடித்ததும் அண்ணா ஏறி ஓட்டினான். ஓடியது... ஓடிக்கொண்டே இருந்தது. சக்கரம் தரையை விடவில்லை. மூன்று தடவை. ஆறடி ஆள், அதற்கேற்ற உடம்பு. இறங்கி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் ஏறட்டுமா அண்ணா? நான் உன்னில பாதிகூட இல்லையே."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தாவணியை நன்னா இழுத்துச் செருகிக்கோ."

அவ்வளவுதான் சொன்னாள். எழும்பினால் திரும்பாதே, நேராகப் போய் மெதுவாக இறக்கு என்று அண்ணா நாலு தடவை சொன்னான்.

ஏறி ஓட்டினேன். தடதடவென்ற அதிர்வு சட்டென்று நின்றது. விமானம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். கீழே பார்த்தால் நிழல் மட்டும் தனியாக ஓடுகிறது...

ஒரு பனை உயரம்கூட இருக்காது. அரை நிமிஷம். சிரித்தேனா, கத்தினேனா, தெரியாது. இறங்கும்போது இரண்டு குதி குதித்து நின்றது.

அண்ணா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓடி வந்தான். பின்னாலேயே அம்மா.

"இன்னொரு தரம் போடீ. பயத்துல கண்ணை மூடிண்டுட்டேன்."

போனேன்.

அடுத்த மழைக்காலத்தில் துணி இற்றுப்போயிற்று. இன்ஜின் முசிறியில் ஒரு கிணற்றில் ரொம்ப நாள் தண்ணீர் இறைத்தது. அண்ணா போய் இருபது வருஷம் ஆகிறது.

போன மாதம் பையன் என்னைத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஃப்ளைட்டில் கூட்டிக்கொண்டு போனான். ஏசி, சாக்லேட், எல்லாம் சௌகரியம். முகத்தில் காற்றுதான் இல்லை. பெல்ட் போட்டுவிட்ட பெண், "முதல் தடவையா பாட்டி?" என்று கேட்டாள்.

"மூணாவது தடவைம்மா. முதல் ரெண்டும் நானே ஓட்டினேன்."