சிக்கென்று நின்ற கட்டில்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த இரும்புக் கட்டிலைச் சுற்றி அன்று நின்றவர்கள் நான், என் தங்கை, அவளுக்கு மாமியாராக வரப்போகிற அம்மா, கட்டில் விற்ற பாய், அப்புறம் பெயர் தெரியாத ஒரு மனிதர்.

சீர்க் கட்டிலைப் பழசாக வாங்கலாம் என்பது என் யோசனைதான். அந்த அம்மா தொட்டதும் கட்டில் கடகடவென்று ஆடியது.

“சீருக்கே பழசா? இந்தக் கஞ்ச வூட்லயா பொண்ணு எடுக்கிறது?” என்றார். கல்யாணமே நின்றுவிடும் என்று பயந்துவிட்டேன்.

அந்த மனிதர், நரைத்த கிருதாக்காரர், கண்ணில் பட்ட சாமானையெல்லாம் ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர். சட்டைப் பையிலிருந்து ஸ்பானரும் நாலு நட்டும் எடுத்துக் குந்தினார்.

“கஞ்சம் வேற, சிக்கனம் வேறம்மா. சிக்குன்னு புடிக்கிறதுலேர்ந்து வந்த வார்த்தை அது. கையில கீறத நழுவ விடாம இறுக்கிக்கிறது.” பேசப் பேசத் திருகினார். “இப்ப குந்திப் பாரும்மா.”

அந்த அம்மா உட்கார்ந்து, உடம்பை அசைத்துப் பார்த்தார். கட்டில் அசையவே இல்லை!

“சரி, வண்டி புடிப்பா” என்றார்.

எட்டாவதோடு நின்ற எனக்குப் பரீட்சை பாஸான மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் திரும்பினால் அவரைக் காணோம். அந்த வார்த்தையை எங்கே படித்தாரோ! பல வெள்ளிக்கிழமைகள் தேடினேன். நாலு நட்டுக்கு இரண்டு ரூபாயாவது இருக்கும், அவருக்கு இன்னும் பாக்கி.