கஸ்பாரின் பேத்தி

என் தங்கை பவுலினின் புருஷன் இமானுவேலுக்கு எங்கள் ஊரில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே உபதேசியார், முதுகுக்குப் பின்னால் தண்ணிக்கேன். அவனுடைய டிவிஎஸ் வண்டியின் பின்னால் எப்போதும் ஒரு நீலக் கேன் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். உச்சிப்புளிக்குப் போனாலும் மண்டபத்துக்குப் போனாலும் கேன் கூடவே போகும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், கருவாடு காயப்போடுகிற பெண்கள், யார் கேட்டாலும் வண்டியை நிறுத்தி ஊற்றிக் கொடுப்பான். கேட்காதவர்களுக்கும் கொடுப்பான், அதுதான் எரிச்சல். "ஏலே மச்சான், கல்யாண வீட்டுக்குமா இதத் தூக்கிட்டு வாரே?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். சிரிப்பான், பதில் சொல்ல மாட்டான். பதில் எனக்கும் தெரியும் என்பதால் அதற்கு மேல் நானும் கிண்ட மாட்டேன்.

அவனைப் பெற்ற அய்யா பெயர் கஸ்பார். இலங்கையில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, மன்னார்ப் பக்கம் தவித்துக் கிடந்த ஜனங்களை ஏற்றி வர இங்கிருந்து சில வள்ளங்கள் போயின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டி வந்த புண்ணியவான்களும் உண்டு. கஸ்பார் அந்த ரகமில்லை. கழுத்தில் காதில் கிடந்ததையெல்லாம் கழற்றி வாங்கிக்கொண்டு, தனுஷ்கோடிக்கு அப்பால் கடலுக்கு நடுவே கிடக்கிற மணல் திட்டில் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டார். "இதுதான் ராமேஸ்வரம், இப்படியே நடங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். திட்டில் ஒரு செடி கிடையாது, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. வேறு ஊர் மீனவர்கள் பார்த்து ஏற்றி வருவதற்குள் ஒரு கைக்குழந்தை தாகத்தில் செத்துப்போனது.

கஸ்பார் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். சோறு தின்றார், கோவிலுக்கு வந்தார், திருவிழாவுக்குக் கொடி தூக்கினார். ஊர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவன் வீட்டுக் கோழி காணாமல் போனால் ஒரு மாதம் பேசுகிற ஊர் இது! அவர் செத்த பிறகு இமானுவேல் அந்த வள்ளத்தைக் கரையில் வைத்துக் கோடாலியால் பிளந்தான். "இன்ஜினையாவது வித்துத் தொலைடா" என்றேன். கேட்கவில்லை. அதோடு கடலை விட்டான். எங்கள் ஊர் கிளைக்கோவில்தான். ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாள் ஜெபம் நடத்துவது, ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, அறிவிப்பு வாசிப்பது எல்லாம் இமானுவேல் தலையில் விழுந்தது. அவனும் ஆசையாகத்தான் ஏற்றுக்கொண்டான்.

அவனுக்கு ஒரே மகள் சிநேகா. ராமநாதபுரத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நல்ல பிள்ளை, வாய் மட்டும் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறது. அங்கே கூட வேலை பார்க்கிற தர்சிகனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள். தங்கமான பையன், எங்களைப் போல வேதக்காரப் பையன், குடிக்க மாட்டான். மண்டபம் அகதி முகாமில் பிறந்தவன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் இமானுவேல் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

முகாமில் கஸ்பார் என்ற பெயர் எப்படிப் புழங்குகிறது என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் அடம்பிடித்தால், "கஸ்பாரின்ர வள்ளத்தில ஏத்திவிட்டிடுவன்" என்றுதான் பயமுறுத்துவார்கள்.

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா றீற்றாதான் பேச வந்தாள். ஒல்லியான மனுஷி, குரலை உயர்த்தத் தெரியாதவள். காப்பி குடித்துக்கொண்டே, "உங்கட அப்பா என்ன செய்தவர்?" என்று கேட்டாள். "கடல் தொழில்தான். செத்து ரொம்ப நாளாச்சு" என்றான் இமானுவேல். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளை வழியனுப்பிவிட்டு வந்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொடுக்கக் கிளம்பிவிட்டான், இருட்டிய பிறகுதான் வந்தான்.

தை மாதம் கல்யாணம் என்று முடிவானது. அப்படியென்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஓலை வாசிக்க வேண்டும். எங்கள் வழக்கம் அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று பூசை முடிவில் கோவிலில் அறிவிப்பது. அதற்கொரு முறையுண்டு. முதலில் அய்யாவைப் பெற்ற தாத்தா பெயர், அப்புறம் தாய் தகப்பன் பெயர், கடைசியில்தான் பிள்ளையின் பெயர். இந்த ஊரில் எத்தனையோ கல்யாணத்துக்கு ஓலை வாசித்தவன் இமானுவேல். இப்போது சொந்த மகளுக்கு வாசிக்க வேண்டும்.

முதல் ஞாயிறு. மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். றீற்றா பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில். இமானுவேல் மைக் முன்னால் நின்று வாசித்தான். "காலஞ்சென்ற சவரிராயன் அவர்களின் பேத்தியும், இமானுவேல் பவுலின் தம்பதியரின் மகளுமான சிநேகா..."

சவரிராயன் என் அய்யா. ஒரு நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நொடி சுருக்கென்றது. அம்மாவைப் பெற்ற தாத்தா பெயரை முதலில் வைத்து எந்த ஊரில் ஓலை வாசிக்கிறார்கள்? பெஞ்சுக்குப் பெஞ்சு முழங்கை இடித்தது. ஃபாதர் புதிது, அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஆட்களுக்குப் புரிந்தது. வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் பிடித்தேன். "என்ன மச்சான் இது? எங்க அய்யா பேர இரவல் வாங்கிக்கிட்டியா?"

"திட்டாத மச்சான். அந்தப் பேர நான் எப்படிச் சொல்லுவேன்? அந்த அம்மா என் மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்காங்க. சொன்னேன்னா இந்தக் கல்யாணம் இங்கனயே முடிஞ்சிரும். எம்பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?"

இரண்டாவது ஞாயிறும் அப்படியே வாசித்தான், இன்னும் கொஞ்சம் வேகமாக.

பிறகு டிசம்பர் பதினேழு வந்தது. வருஷா வருஷம் அன்றைக்குக் காலை ஜெபத்தில் இயேசுவின் தலைமுறை வரிசையை வாசிப்பார்கள். இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று போய்க்கொண்டே இருக்கும், எனக்கு நடுவில் கொட்டாவி வந்துவிடும். அன்றைக்கு வாடைக்காற்று அதிகம், யாரும் கடலுக்குப் போகவில்லை. அதனால் நானும் கோவிலில் இருந்தேன். நாலைந்து பெண்கள், நான், இமானுவேல், அவ்வளவுதான். எப்போதும் அதை ரயில் ஓடுகிற மாதிரி வாசித்துத் தள்ளுகிறவன், அன்றைக்குத் தாவீது ராஜாவின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டான். மறுபடி ஆரம்பித்தான், மறுபடியும் நின்றான். நான்தான் எழுந்துபோய் மீதியை வாசித்தேன்.

ஜெபம் முடிந்து கோவில் படியில் உட்கார்ந்திருந்தோம்.

"மச்சான், தாவீது என்ன பண்ணுனான்னு தெரியும்ல?"

"அடுத்தவன் பொண்டாட்டிய எடுத்துக்கிட்டு, அந்தப் புருஷனச் சண்டையில முன்னால நிறுத்திச் சாகடிச்சான். அதுக்கென்ன இப்ப?"

"அந்தச் செத்தவன் பேரு உரியா. ஆண்டவரோட வம்சத்தச் சொல்லுற எடத்துல அந்தப் பேரையும் சேத்துல்ல சொல்லியிருக்கு. உரியாவுக்கும் ஆண்டவருக்கும் ரத்த சம்பந்தமே கெடையாது மச்சான். உரியா மனைவிக்குப் பிறந்த பிள்ளைன்னு வருது. வேசித்தனம் பண்ணுனவங்க இருக்காங்க, மாமனார ஏமாத்துனவ இருக்கா, கொல பண்ணுனவன் இருக்கான். யாரையும் மறைக்கல. எத்தன வருஷமா வாசிக்கிறேன், எனக்கு உறைக்கவே இல்ல. அப்பேர்ப்பட்ட குடும்பத்துல பிறக்கக் கடவுளுக்குக் கூச்சமில்ல. எனக்கு எங்க அய்யா பேரச் சொல்லக் கூச்சமா இருக்கு. திட்டுல செத்த அந்தப் பிள்ளை பேரு எனக்குத் தெரியவே தெரியாது. கேக்கவும் வெக்கப்பட்டு இத்தன காலம் ஓட்டிட்டேன்."

பிரசங்கம் என்றால் எனக்குக் காத தூரம். ஆனால் அன்றைக்கு அவன் சொன்னது வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அருள் அருள் என்று பாட்டுப் பாடுகிறோம். நம் கறையைத் துடைத்து யாருக்கும் தெரியாமல் மறைத்து வைப்பதுதான் அருள் என்று நானும் நினைத்திருந்தேன். கறையைப் பார்த்துக்கொண்டே அந்த வீட்டுக்குள் ஒருவர் வந்து பிறந்திருக்கிறார் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னான். கடைசி ஞாயிறு தாத்தா பெயரைச் சொல்லித்தான் வாசிப்பேன் என்றான். சிநேகா அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்பா. நான் தர்சிகன்ட்ட சொல்லல. இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான? வாசிச்சு முடிச்சிருங்கப்பா. கும்புடுறேன்." பவுலின் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் யார் பக்கம் பேசுவது? தாய்மாமன் என்று பெயர்தான்.

மூன்றாவது ஞாயிறு. பூசை முடிந்து ஃபாதர் உட்கார்ந்ததும் இமானுவேல் மைக் முன்னால் வந்தான். கையில் தாள் இல்லை. சிநேகா பாடகர் பக்கம் நின்றுகொண்டு தரையைப் பார்த்திருந்தாள்.

"காலஞ்சென்ற கஸ்பார் அவர்களின் பேத்தியும்..." என்றான். "தடை தெரிஞ்சா சொல்லணும்னு ரெண்டு ஞாயிறா நானே வாசிச்சேன். தடைய மறைச்சவனும் நான்தான். மணல் திட்டுல ஜனங்கள விட்டுட்டு வந்த கஸ்பார் எங்க அய்யா. அங்க தண்ணியில்லாம ஒரு பிள்ளை செத்துச்சு. அந்தப் பிள்ளை பேரு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையும் சேத்து வாசிச்சிருப்பேன்." மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தலை நிமிரவில்லை.

முதல் பெஞ்சில் றீற்றா எழுந்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"அனுஷியா" என்றாள். "பிள்ளையின்ர பேர் அனுஷியா. நான் வேற வள்ளத்தில வந்தனான். தாய்க்காரி முகாமில எங்களுக்குப் பக்கத்து அறையில இருந்தவ. சாகும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் மெழுகுதிரி கொளுத்துவா."

இமானுவேல் அப்போதுதான் அவளைப் பார்த்தான்.

"நீங்கள் ஆரெண்டு எனக்கு முதலே தெரியும். பொம்பிளை கேக்க வர முதலே முகாமில சொல்லிப்போட்டினம். உங்கட வாயால சொல்லுவீங்கள் எண்டு அண்டைக்குக் காப்பி குடிக்கேக்க பாத்தன். பிறகு ரெண்டு ஞாயிறும் இங்க இருந்து பாத்தன்." அவள் குரல் உயரவேயில்லை. "மன்னிச்சிட்டன் எண்டு நான் சொல்லேலாது. அது என்ர பிள்ளை இல்லை. ஆனா இண்டைக்கும் நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தா, என்ர மகனை இந்த வீட்டுக்குத் தந்திருக்க மாட்டன். இப்ப ஒழுங்கா வாசியுங்கோ."

நான் வெட்கத்தில் பெஞ்சுக்குள் புதைந்துபோனேன். ஊரே தலை குனிந்திருந்தது. இரண்டு வாரம் எங்கள் எல்லோருடைய மௌனத்தையும் அந்த மனுஷி முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இமானுவேல் மைக் பக்கம் திரும்பினான். சிநேகா வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். அவள்தான் வாசித்தாள். கஸ்பார் பெயரை வாசித்தாள், திட்டில் இறந்த அனுஷியாவின் பெயரை வாசித்தாள், தாய் தகப்பன் பெயரை வாசித்தாள். கடைசியில் தன் பெயர் வந்தபோது உடைந்து அழுதுவிட்டாள். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பதை ஃபாதர் எழுந்து வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

எல்லோரும் வெளியே வந்த பிறகும் இமானுவேல் வண்டிப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை என்னாலேயே பார்க்க முடியவில்லை. றீற்றா செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவனிடம் போனாள். கேனைப் பார்த்தாள்.

"சம்பந்தி, குடிக்கத் தண்ணி தாறீங்களோ?"

அவன் டம்ளரில் ஊற்றினான். பாதித் தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. கேனைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க" என்று அவன் சேலையையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"பறவாயில்லை" என்றாள் அவள். "திரும்ப ஊத்துங்கோ, நான் நிக்கிறன்."