அவளுடைய யோகா மேட்

திண்டுக்கல்லில் எனக்குத் தையல் கடை. முப்பது வருஷமாக மிஷினுக்கு முன்னால் குனிந்தே உட்கார்ந்ததில், போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் கட்டிலை விட்டு எழவே முடியவில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "யோகா செய்யுங்க, உடம்பு வளையணும்" என்றார்.

எங்கள் வீட்டில் யோகா தெரிந்தவள் என் மனைவி. அவள் அப்போது சென்னையில் இருந்தாள். மகளுடைய பிரசவத்துக்குப் போனவளுக்கு, மகள் வேலைக்குத் திரும்பியதும் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. இங்கே இருந்தவரை தினமும் காலையில் ஹாலில் பச்சை மேட்டை விரித்துச் செய்வாள். "நீங்களும் வாங்களேன், செத்த நேரந்தான்" என்று கூப்பிடுவாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "முடிச்சிட்டுக் காபியப் போடு" என்பேன்.

பீரோவின் மேல் சுருட்டி வைத்திருந்த அந்த மேட்டை எடுத்து விரித்தேன். அவள் பாதம் பதிந்து பதிந்து இரண்டு இடங்கள் தேய்ந்திருந்தன. அதன் மேல் நின்றேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. போன் போட்டேன்.

"என்னங்க, இம்புட்டுக் காலையில?"

"மொதல்ல என்ன செய்யணும்?"

"எதுக்கு?"

"யோகாவுக்கு."

சிரித்தாள். "பத்து வருசமாக் கூப்பிட்டேன். ஒருநா வந்தீங்களா?"

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு வீடியோ காலில் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்லிக்கொடுத்தாள். போனை அரிசி டிரம்மில் சாய்த்து வைத்துக்கொள்வேன். குனிந்தால் கை முட்டியோடு நின்றுவிடும். "தரையத் தொடணும்னு இல்ல. மூச்ச அடக்காதீங்க, விடுங்க" என்பாள். கடைசியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடச் சொல்வாள். நான் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பேன். தோளில் பேரன். தலை வாரியிருக்க மாட்டாள்.

"நீ எப்பச் செய்யிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இங்க எங்கங்க? இவன் என்னைய விட்டு எறங்கவே மாட்டேங்கிறான். நான் செஞ்சு எட்டு மாசமாச்சு."

அன்று கடையில் ஒரு ரவிக்கைக்குக் கையை உள்பக்கம் வெளியே வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பத் தைக்கும்போதும் அவள் சொன்னதே மனசில் ஓடியது. அந்தச் சனிக்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு, மேட்டைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலை ரயிலில் ஏறினேன்.

ஞாயிறு காலை, பேரனைத் தூக்கிக்கொண்டேன். "அரை மணி நேரத்துக்கு நாங்க மேல வரமாட்டோம்" என்று சொல்லிவிட்டு, அடுக்குமாடிக்குக் கீழே நிறுத்தியிருந்த பைக்குகளை அவனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவள் மேட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூச்சு மெதுவாக ஏறி இறங்கியது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பேரன்கூடச் சத்தம் போடாமல் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான்.

மாலையில் கிளம்பும்போது மேட்டை எடுத்து நீட்டினாள்.

"நீயே வச்சுக்க. எனக்கு ஜமுக்காளம் இருக்கு."

"இடுப்பு குத்துமே."

"குத்தாது. நீ எப்ப வருவ?"

"இவனப் பள்ளிக்கூடத்துல போட்டதும்..." என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

வலி இப்போது எவ்வளவோ தேவலை. குனிந்தால் விரல் கணுக்காலைத் தொடுகிறது. பேரன் தூங்குகிற நாட்களில் அவளும் அந்தப் பக்கம் மேட்டை விரித்து என்னோடு சேர்ந்து செய்கிறாள். சில நாள் அவளால் பேச முடிவதில்லை. அன்றைக்கு அவளைப் போலவே எண்ணிக்கொண்டு தனியாகச் செய்கிறேன். ஐந்து சொன்னதும் அவள் கொஞ்சம் நிறுத்தி, பிறகுதான் ஆறு சொல்வாள். நானும் நிறுத்துகிறேன்.