சிவப்புக் காரின் பச்சைக் கதவு

பெயின்ட் கடைக்காரர் என்னை ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் நம்பினேன். முழுதாக மூன்று வாரம் நம்பினேன். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த மூன்று வாரத்தை மட்டும் கவனமாகப் படித்தால் போதும். மற்றதெல்லாம் என் கோமாளித்தனம்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவது என் வேலை. உள்ளங்கை நீளப் பிளாஸ்டிக் கார்களைத் துண்டு துண்டாக வாங்கி, ஒட்டி, வண்ணம் அடிப்பது பொழுதுபோக்கு.

இரண்டு மாதம் இருமல் நிற்காதபோது, நுரையீரல் புற்றுநோய் என்று நானே முடிவுகட்டி, எந்தக் கார் யாருக்கு என்று உயிலே எழுதிவிட்டேன். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை.

"யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க. கண்ணு மங்கினாலோ, கலர் மாறித் தெரிஞ்சாலோ உடனே வரணும்" என்றார் மருத்துவர்.

"ஆரஞ்சுன்னா பளபளப்பா டாக்டர், மங்கலா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அவருடைய இரண்டாவது வாக்கியத்தைத் தொலைத்துவிட்டேன்.

அவ்வளவு சொல்லியிருந்தும், மறுநாள் ஆரஞ்சாகப் போனதும் சிறுநீரகம் போச்சு என்று அலறியபடி ஆட்டோவில் ஓடினேன். பயப்பட வேண்டாம் என்றதற்கெல்லாம் ஒழுங்காகப் பயந்தேன்.

நான்காவது மாதம் இருமல் இல்லை, பசி வந்துவிட்டது. மருத்துவ விடுப்பு மட்டும் முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு பந்தயக் காருக்குச் சிவப்பு அடித்தேன். காய்ந்ததும் பழைய செங்கல் மாதிரி செத்துக் கிடந்தது. மறுபடி அடித்தேன். மறுபடி செங்கல். புட்டியோடு கடைக்குப் போனேன்.

"என்ன அண்ணாச்சி, செங்கலப் பொடிச்சு அடைச்சு விக்கியளோ?"

அவர் குச்சியில் தொட்டு வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்தார். "நல்லாப் பாருங்க. ரத்தம் மாதிரி இருக்கு."

"யாரு ரத்தம்? செத்தவன் ரத்தமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போய்ப் புதுப் புட்டி ஒன்றைச் சும்மா கொடுத்தார். ஜெயித்த மிதப்பில் வீடு திரும்பினேன். அதையும் அடித்தேன், சுரண்டினேன், திரும்ப அடித்தேன். காலை மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை.

மூன்றாவது வாரம் மகள் ஜெனிபர் மேசையருகே வந்து நின்றாள். "சூப்பரா இருக்குப்பா. ஒரு கதவு மட்டும் ஏன் பச்சை?"

மனைவி ஸ்டெல்லா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வேற எதுக்கு? வாரவுக போறவுகளச் சிரிக்க வைக்கத்தான். இவுக இருக்க வீட்ல ஒரு சாமானாவது ஒழுங்கா இருக்குமா?"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "எந்தக் கதவு?" என்றேன்.

"வெளையாடாதீங்கப்பா."

"வெளையாடல ஏளா. தொட்டுக் காட்டு."

தொட்டுக் காட்டினாள். எனக்குக் கார் முழுக்க ஒரே நிறம். கீறலை மறைக்க முந்தின நாள் எடுத்தது பச்சைப் புட்டி என்பதை மூடியிலிருந்த எழுத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டெல்லா போய் அடுப்பை அணைத்தாள்.

கண் மருத்துவர் புள்ளி அட்டைகளைக் காட்டினார் (வண்ணப் புள்ளிகளுக்குள் ஓர் எண் இருக்கும், நிறம் பிரிகிறதா என்று பார்க்க).

"நம்பர் போட மறந்துட்டீங்க டாக்டர்" என்றேன்.

அவர் அடுத்த அட்டையை எடுத்தார். அதற்கடுத்ததையும் எடுத்தார். என் முதுகுக்குப் பின்னால் ஸ்டெல்லா தன்னையறியாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "எட்டு... ஆறு... நாப்பத்தஞ்சு..."

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமா. பெயின்ட்லதான் கோளாறுன்னு நெனச்சேன்."

"அன்னைக்கே வந்திருக்கணும்" என்றார். என் நகைச்சுவைக்கு மசியாத முதல் மனிதர்.

நான் சாப்பிட்ட மாத்திரைகளில் இருந்த எத்தாம்புட்டால் (காசநோய்க் கிருமி பெருகாமல் தடுக்கும் மருந்து) சிலருக்குப் பார்வை நரம்பைத் (கண் பார்ப்பதை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) தாக்கிவிடும். பெரும்பாலும் முதலில் சிவப்பும் பச்சையும் குழம்பும். அந்த மருந்தை மட்டும் அன்றே நிறுத்தினார்கள். மற்றவை தொடர்ந்தன. இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஆவதில்லை. சந்தேகம் வந்த அன்றே மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவ்வளவுதான். சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

நிறுத்திய பின்னும் சில வாரம் பார்வை இறங்கிக்கொண்டே போனது. கிரேனை விட்டு இறங்கி, இப்போது கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வாசலில் காவலுக்கு உட்கார்கிறேன். வலது கண்ணின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம் நிற்கிறது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஸ்டெல்லாவுக்கு முகம் கிடையாது. அவள் காதைப் பார்த்தால், ஓரத்தில் கொஞ்சம் முகம் வரும்.

விழித்ததும் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது. வட்டம் சுருங்கியிருக்கிறது என்று சில காலைகளில் ஸ்டெல்லாவிடம் சொல்வேன். அவள் சரி என்பாள்.

காசநோய் குணமாகிவிட்டது. இடது கண் ஓரளவு தேறியது. வலது கண் தேறவில்லை.